டிபிஎஃப்-ஐ மாற்றும் முன் கூலன்ட் எவ்வளவு சூடாகிறது என்று பாருங்கள்

கேள்வி: என்னிடம் ஆறு வருடமான டீசல் பிக்கப் இருக்கிறது. 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெரும்பாலும் வேலைக்குப் போய்வரத்தான், ஒரு தடவைக்கு ஏழெட்டு கிலோமீட்டர். மூன்று மாதமாகச் செக் எஞ்சின் லைட்டும் டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) லைட்டும் மாறி மாறி எரிகின்றன. வண்டிக் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறுக் கோட்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கிப் பார்த்தேன். பி2463, பி20இஇ என்று இரண்டு கோட். எப்போதாவது பி0128 வரும். அது சும்மா கூலன்ட் சம்பந்தப்பட்டது என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அழிக்கிறேன், நாலைந்து நாளில் திரும்ப வந்துவிடுகிறது. இப்போது, இன்னும் இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு வேகம் குறைக்கப்படும் என்று டேஷ்போர்டில் காட்டுகிறது. ஒர்க்‌ஷாப்பில் டிபிஎஃப், எஸ்சிஆர் (புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் பகுதி) இரண்டையுமே மாற்றச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சாஃப்ட்வேரை மாற்றிவிடு என்கிறார் நண்பர். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன் நான். வீட்டிலேயே கோளாறைக் கண்டுபிடிக்க வழி உண்டா? ஸ்கேனரில் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: வழி உண்டு. பாதி பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் ஒதுக்கிவைத்த அந்த பி0128-இல் இருந்துதான் நான் ஆரம்பிப்பேன். நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்று ஃப்ரீஸ் ஃப்ரேம், அதாவது கோட் பதிவான அந்த நொடியில் எஞ்சின் எப்படி இருந்தது என்ற குறிப்பு. பி2463 பதிவானபோது வண்டி 72 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறது, எஞ்சின் ஓட ஆரம்பித்து 19 நிமிடம் ஆகியிருக்கிறது, கூலன்ட் வெப்பமோ 61 டிகிரிதான். அந்த வேகத்தில், அவ்வளவு நேரம் ஓடிய எஞ்சின் 80 டிகிரியைத் தாண்டி நின்றிருக்க வேண்டும். உங்கள் எஞ்சின் சூடாகவே இல்லை.

பி0128 என்றால், தெர்மோஸ்டாட் காக்க வேண்டிய வெப்பத்துக்குக் கூலன்ட் வந்து சேரவில்லை என்று பொருள். எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். பெரும்பாலும் அது திறந்தபடியே சிக்கியிருக்கும். பெட்ரோல் காரில் இது ஒரு சின்னத் தொல்லையோடு போய்விடும். டீசலில் அப்படி இல்லை. டிபிஎஃப்-இல் சேரும் கரியை எரிக்க, எஞ்சின் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசலை விட்டு சைலன்சர் வழியை ஏறக்குறைய 600 டிகிரிக்குக் கொண்டுபோகும். ரீஜென் என்று சொல்வது இதைத்தான். எஞ்சின் குளிர்ச்சியாக இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் ரீஜென் தொடங்கவே அனுமதி கிடைக்காது. கரி தினமும் சேரும், எரியாது. அதைத்தான் பி2463 சொல்கிறது: டிபிஎஃப்-இல் கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது. ஃபில்டர் கெட்டுவிட்டது என்று அந்தக் கோட் சொல்லவில்லை.

பி20இஇ-யும் இதோடு சேர்ந்து வந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. எஸ்சிஆர் கேட்டலிஸ்ட் எதிர்பார்த்த அளவு நாக்ஸை, அதாவது நைட்ரஜன் ஆக்சைடுகளை, குறைக்கவில்லை என்பது அதன் பொருள். ஆட்புளூ எனும் யூரியாக் கரைசல் சூடான புகையில் தெளிக்கப்பட்டு, அம்மோனியாவாகப் பிரிந்து, கேட்டலிஸ்டில் போய் வேலை செய்ய வேண்டும். புகை போதிய சூடில்லாமல், குட்டிக் குட்டிப் பயணமாகவே வண்டி ஓடினால், அது முழுதாகப் பிரியாமல் இன்ஜெக்டர் முனையிலும் குழாய்க்குள்ளும் வெள்ளையாகப் படிந்து இறுகும். எஸ்சிஆர்-ஐ மாற்றினாலும் அந்தப் படிவு அங்கேயேதான் இருக்கும். ஆகவே ஒர்க்‌ஷாப் சொன்ன இரண்டு பெரிய சாமான்களையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். புது டிபிஎஃப் போட்டாலும் 61 டிகிரியில் ஓடும் எஞ்சின் அதையும் சில மாதத்தில் அடைத்துவிடும்.

இன்னொன்று. கோட்களை அழிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அழிக்கும்போது ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும், கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பரிசோதனைகளும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். வேகக் குறைப்புக் கவுன்ட்டவுன் பல வண்டிகளில் அதனால் நிற்பதும் இல்லை. எல்லாக் கோட்களையும், சின்னதையும் சேர்த்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

சோதனையை ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில், ஸ்டார்ட் செய்யாமல் தொடங்குங்கள். சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறங்கள். எஞ்சின் ஓடாத இந்த ஐந்து நிமிடத்தில் கிடைக்கிற தகவல் அரை நாள் ஓட்டிப் பார்த்தாலும் கிடைக்காது. கூலன்ட், வெளிக்காற்று, சைலன்சர் வழியிலுள்ள வெப்ப சென்சார்கள் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே இரவு குளிர்ந்தவை. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். மற்றதெல்லாம் 24, 25 என்று நிற்க, ஒன்று மட்டும் 90 என்றோ மைனஸ் 40 என்றோ காட்டினால் அந்த சென்சாரோ அதன் வயரோ பொய் சொல்கிறது. கூலன்ட் சென்சாரை இங்கே கட்டாயம் கவனியுங்கள். அதுவே தப்பாகக் காட்டினால் அந்த 61 டிகிரியையும் நம்ப முடியாது. தெர்மோஸ்டாட்டை வீணாகக் குறை சொன்னதாகிவிடும்.

அதே நேரத்தில் டிபிஎஃப் அழுத்த வேறுபாட்டு சென்சாரைப் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது புகை ஓட்டம் கிடையாது, எனவே அது பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். நிற்காமல் ஏதோ ஒரு அழுத்தத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் அந்த சென்சாரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பேட்டரி வோல்ட்டேஜையும் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தால் நாக்ஸ் சென்சார், ஆட்புளூ பம்ப் என்று சம்பந்தமில்லாத கோடெல்லாம் எழும்பும்.

அழுத்த வேறுபாட்டு சென்சாரிலிருந்து இரண்டு ஹோஸ் போகும். ஒன்று டிபிஎஃப்-க்கு முன்னால், மற்றது பின்னால். சைலன்சர் சூடு படுகிற இடமாதலால் ரப்பர் காய்ந்து, மடங்கும் இடத்தில் வெடிக்கும். உள்ளே ஈரமும் கரியும் சேர்ந்து அடைக்கவும் செய்யும். குளிர்ந்த வண்டியில் அவற்றை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். முடி போன்ற வெடிப்பும் போதும் கணக்கைக் கெடுக்க. முன்பக்க ஹோஸில் ஓட்டை இருந்தால் சென்சார் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். கரி நிறைந்தது கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போய், பிறகு மொத்தமும் ஒரே நேரத்தில் எரியும்போது ஃபில்டரே விரிசல் விட்டுவிடலாம். அடைப்பு எடுக்க ஹோஸை சென்சாரிலிருந்து கழற்றிய பிறகே ஊதுங்கள். சென்சாருக்குள் காற்றடித்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. எது முன், எது பின் என்று கழற்றுவதற்கு முன்பே டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தெர்மோஸ்டாட். முதலில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. அளவு சரியாக இருந்தால் ஸ்டார்ட் செய்து ஓட்டுங்கள். டீசல் எஞ்சின் நின்ற இடத்தில் ஐடிலில் எளிதாகச் சூடாகாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து ஸ்கேனரைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் சாலையைப் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் எண் சீராக ஏறி, 80க்கு மேல் ஓரிடத்தில் வந்து அங்கேயே நிற்கும். கெட்டது என்றால் அறுபதுகளில் திணறும். சரிவில் இறங்கும்போதோ ஆக்ஸிலேட்டரை விடும்போதோ மளமளவென்று இறங்கும். வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகு ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸைத் தொட்டும் ஒரு குறிப்பு எடுக்கலாம்: கூலன்ட் இன்னும் 60ஐ எட்டாத நிலையிலேயே அந்த ஹோஸ் நன்றாகச் சூடேறியிருந்தால், மூடியிருக்க வேண்டிய வழி திறந்திருக்கிறது.

ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்குத் தெர்மோஸ்டாட் மாற்றுவது பெரிய வேலை இல்லை. வண்டிக்கு உரிய வெப்ப அளவுள்ளதையே போடுங்கள், கேஸ்கெட்டோடு மாற்றுங்கள், கூலன்ட் ஊற்றிய பின் காற்றுக் குமிழை முழுக்க வெளியேற்றுங்கள். மாறாக, வெளியே ஒழுகலே இல்லாமல் கூலன்ட் அளவு குறைந்துகொண்டே வந்தால் இது வேறு கதை. புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் அமைப்பின் கூலர் உள்ளுக்குள் ஒழுகி, கூலன்ட் புகையோடு கலந்து டிபிஎஃப்-க்குள் போகலாம். அப்போது வீட்டு வேலையை அதோடு நிறுத்திவிடுங்கள்.

ஆயில் கேஜை இப்போதே உருவிப் பாருங்கள். இதை நான் கேட்டுக்கொள்கிறேன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ரீஜென் தொடங்கித் தொடங்கிப் பாதியில் நின்ற வண்டிகளில், கூடுதலாக விடப்பட்ட டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, டீசல் வாடை அடித்தாலோ, ஆயிலை மாற்றாமல் ரீஜென் செய்யவே வேண்டாம். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்னும். அளவு மிக ஏறினால் எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும் ஆபத்தும் உண்டு. புதிதாக ஊற்றுவது, உங்கள் கையேடு சொல்லும், சாம்பல் குறைந்த டிபிஎஃப் ஆயிலாகவே இருக்கட்டும். கரி எரியும், ஆயிலிலுள்ள சேர்மானங்கள் எரிந்து விடுகிற சாம்பல் எந்தச் சூட்டிலும் எரியாது.

கரி இவ்வளவு சேர்ந்ததற்கு வேறு காரணம் இல்லை என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ஹோஸ்கள், கிளாம்ப்கள். கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்ப்பசையாகப் புழுதி ஒட்டியிருந்தால் அங்கே காற்று கசிகிறது என்று அர்த்தம். காற்று குறைந்தால் புகை கூடும். சைலன்சர் இணைப்புகளில் கறுப்புத் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து ஆட்புளூ. அதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி தாதுக்கள் நீக்கிய சுத்தத் தண்ணீர். வெயிலில் வைத்தால் கெட்டுப்போகும் பொருள் இது. 25 டிகிரிக்குள் வைத்தால் ஒன்றரை வருடம் தாங்கும். 35 டிகிரியில் ஆறு மாதம்தான். திறந்த கேனை ஷெட்டில் போட்டுவைத்து அதிலிருந்து ஊற்றும் பழக்கம் இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். ஆட்புளூவுக்கென்று விற்கும், யூரியா அளவைக் காட்டும் சின்ன ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாலே தெரியும், 31.8-க்கும் 33.2-க்கும் நடுவில் (சதவீதம்) இருக்க வேண்டும். இல்லையென்றால் டேங்க்கை வடித்துப் புதிதாக நிரப்புங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளர்கூட அதில் சேர்க்காதீர்கள், அதிலுள்ள தாதுக்கள் கேட்டலிஸ்டை நாசமாக்கும். எப்போதாவது தவறுதலாக டீசல் டேங்க்கில் ஆட்புளூவோ ஆட்புளூ டேங்க்கில் டீசலோ விழுந்துவிட்டால், சாவியைக்கூட ஆன் செய்யாமல் வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள்.

ஆட்புளூ இன்ஜெக்டர் சைலன்சரில் பொருந்தும் இடத்தில் வெள்ளைப் படிகம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் நன்றாகக் குளிர்ந்த பிறகு கழற்றி, முனையை வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரில் ஊறவிடுங்கள். யூரியாப் படிகம் அதிலேயே கரைந்துவிடும், கம்பியால் சுரண்ட வேண்டியதில்லை. திரும்பப் பொருத்தும்போது கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். பல வண்டிகளில் அந்த இன்ஜெக்டரைச் சுற்றிக் கூலன்ட் ஓடும், அதை அறிந்துகொண்டு கை வையுங்கள். எஞ்சினை நிறுத்திய உடனே பேட்டரியைக் கழற்றவும் வேண்டாம். நின்ற பிறகும் சற்று நேரம் ஆட்புளூ பம்ப் குழாயிலுள்ள திரவத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும். அதன் சத்தம் அடங்கட்டும்.

நாக்ஸ் சென்சார் இரண்டு. எஸ்சிஆர்-க்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இவை சூடாகும்வரை எதையும் காட்டா. ஒரு இருபது நிமிடம் ஓட்டிய பிறகு பாருங்கள். எஸ்சிஆர் வேலை செய்தால் பின்னால் வரும் எண் முன்னால் உள்ளதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஆட்புளூ தெளிக்கப்படவில்லை, அல்லது கேட்டலிஸ்ட் சோர்ந்துவிட்டது, அல்லது ஒரு சென்சார் பொய் சொல்கிறது. பொய்யைப் பிடிக்க ஒரு வழி உண்டு. நீண்ட சரிவில் கியரிலேயே ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு இறங்குங்கள். அப்போது டீசல் போகாது, எரிதல் இல்லை, ஆகவே நாக்ஸும் இல்லை. இரண்டு எண்ணும் பூஜ்யத்தை நோக்கி விழ வேண்டும். ஒன்று மட்டும் 200, 300 என்று மேலேயே நின்றால் அதை மாற்றிப் பாருங்கள். இன்னொரு சூட்சுமம்: பின்னாலுள்ள சென்சாருக்கு அம்மோனியாவும் நாக்ஸ் போலத்தான் தெரியும். ஒழுகும் இன்ஜெக்டர் அளவுக்கு மீறிச் சொட்டினாலும் பின் எண் ஏறும், அதைப் பார்த்து நல்ல கேட்டலிஸ்டைக் குற்றவாளியாக்குவார்கள்.

நண்பர் சொன்ன வழியைப் பற்றி. வேண்டாம். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறாது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியிருக்கிறது. குளிர்ந்த எஞ்சினோடு தினமும் காலையில் வீட்டு வாசலில் ஸ்டார்ட் ஆகும் வண்டி இது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் உங்கள் வீட்டார்தான். டிபிஎஃப்-ஐக் கழற்றினாலும் உங்கள் எஞ்சின் 61 டிகிரியிலேயே ஓடும், டீசல் வீணாகும், ஆயில் கெடும்.

தெர்மோஸ்டாட் மாற்றி, ஆயிலும் சரியாக இருந்தால், ரீஜென்னுக்குப் போகலாம். டேங்க்கில் கால் பாகத்துக்கு மேல் டீசல் இருக்கட்டும். குறைந்தால் பல வண்டிகள் ரீஜென்னைத் தொடங்காது. போக்குவரத்து குறைந்த நெடுஞ்சாலையில் 2000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல், அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள். டிபிஎஃப்-க்கு முந்தைய வெப்பம் 600ஐ நெருங்கினால் கரி எரிய ஆரம்பித்துவிட்டது. அப்போது ஐடில் சற்று உயரும், விசிறி பலமாக ஓடும், சூடான வாடை வரும். பயப்பட வேண்டாம், பாதியில் எஞ்சினை அணைக்கவும் வேண்டாம். கரி அளவைக் காட்டும் எண் இறங்குவதை ஸ்கேனரில் பார்க்கலாம்.

நின்ற இடத்தில் ஸ்கேனர் மூலம் ரீஜென் செய்யும் வசதி உங்கள் கருவியில் இருந்தாலும், கரி அளவு கையேடு சொல்லும் வரம்புக்குள் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். வரம்பை மீறியிருந்தால் கம்ப்யூட்டரே மறுக்கும். மறுத்தால் குறுக்கு வழி தேடாதீர்கள், ஃபில்டருக்குள் சூடு கட்டுமீறினால் அது உருகும். செய்வதானால் திறந்த வெளியில், வெறும் தரையில் செய்யுங்கள். ஷெட்டுக்குள் கூடவே கூடாது; காய்ந்த புல், சருகு, எண்ணெய்த் துணி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சைலன்சர் முனையிலிருந்து வரும் காற்றே தீப்பற்றவைக்கும். கடைசிவரை ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீடு என்றால் இந்த முறையை விட்டுவிட்டு நெடுஞ்சாலைக்கே போங்கள்.

ரீஜென் முடிந்ததும் அழுத்த வேறுபாட்டையும் கரி அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். கரி கணக்கு இறங்கிய பிறகும் அழுத்தம் அதிகமாகவே இருந்தால் உள்ளே இருப்பது சாம்பல். அதற்கு டிபிஎஃப்-ஐக் கழற்றி, அதற்குரிய இயந்திரத்தில் சுத்தம் செய்து தருபவர்களிடம் கொடுங்கள். வீட்டில் பிரஷர் வாஷர் அடித்தால் உள்ளிருக்கும் பீங்கான் சுவர்கள் உடையும். அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தால் கோட்களை இப்போது ஒரு முறை அழித்துவிட்டு, வழக்கம்போல் ஓட்டி, அடுத்த ரீஜென் எத்தனை கிலோமீட்டரில் வருகிறது என்று பாருங்கள். நூறு கிலோமீட்டருக்குள்ளேயே கரி மறுபடி நிறைந்தால் டீசல் இன்ஜெக்டர், டர்போ, இஜிஆர் பக்கம் போக வேண்டும். அது ஒர்க்‌ஷாப் வேலை. போகும்போது நோட்டையும் எடுத்துப்போங்கள். "எதை மாற்ற வேண்டும்" என்று கேட்காமல், "இந்த எண்கள் ஏன் இப்படி இருக்கின்றன" என்று கேளுங்கள்.

ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டம் மட்டுமே உங்கள் வாழ்க்கை முறை என்றால், வாரம் ஒரு முறையாவது எஞ்சின் முழுச் சூட்டோடு அரை மணி நேரம் ஓடும்படி ஒரு பயணம் வைத்துக்கொள்ளுங்கள். பி20இஇ மட்டும் திரும்ப வந்தால், சரிவில் இறங்கும்போது எடுத்த இரண்டு நாக்ஸ் எண்களையும் ரிஃப்ராக்டோமீட்டர் அளவையும் எழுதி அனுப்புங்கள், அங்கிருந்து தொடர்ந்து பார்ப்போம்.